நாற்பத்தொன்றாம் நம்பர் செம்புக்குழல்

பாக்கோர் என்கிற ஊரில் ஒரு சிநேகிதனின் நம்பிக்கை ஏழாயிரத்து ஐநூறு பெசோவுக்குப் போகும். அதற்கெல்லாம் விலையே கிடையாது என்று கடைத்தெருவில் சொல்வார்கள். சொல்கிறவர்கள் யாரும் விற்றுப் பார்த்ததில்லை. எல்மர் விற்றிருக்கிறான், போன அக்டோபரில், ரொக்கத்துக்கு.

அந்தச் சிநேகிதன் சீசர், கப்பலில் இயந்திர அறைக்காரன். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. எல்மரின் மகளுக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானம் நடந்த நாளிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஞான உறவைச் சொல்லும் 'பாரே'தான். கப்பல் ஏறும்போதெல்லாம் மோட்டார் சைக்கிள் சாவி, வீட்டுப் பத்திரம், தன்னுடைய செம்புக்குழல் மூன்றையும் எல்மரிடம் கொடுத்துவிட்டுப் போவான்.

செம்புக்குழல் என்பது பாட்டரியில் புகை இழுக்கிற வேப் குழல். இப்போது வருகிற சாதனங்களைப் போல உள்ளே சிப்பும் இல்லை, சூடு மீறினால் நிறுத்துகிற காவலும் இல்லை. ஒரு பாட்டரி, அடியில் பட்டன், தலையில் கம்பிச்சுருளும் பஞ்சும், அவ்வளவுதான். அமுக்கினால் பாட்டரியின் வலு முழுவதும் நேரே சுருளுக்குப் போகும். பக்கத்து ஊர் இமுஸில் ஒரு லேத்காரர் அப்படி நூறே நூறு கடைந்து, நம்பர் போட்டு விற்றார். சீசருடையது நாற்பத்தொன்று.

எல்மர் வேப் கடை வைத்திருப்பவன். அக்டோபரில் ஒரு மொத்த வியாபாரி வந்து, மாம்பழமும் பாலாடைக்கட்டியும் கலந்த வாசனையில், குழலில் விட்டுப் புகைக்கிற ஜூஸ் இருக்கிறது, இருநூறு குப்பியையும் எடுத்தால் பாதி விலை என்றான். பாதி விலை என்று காதில் விழுந்துவிட்டால் எல்மருக்கு மூக்கும் நாக்கும் வேலை செய்யாது. செம்புக்குழலை விற்று ஜூஸை எடுத்தான். சீசர் இறங்குவதற்குள் மீட்டுவிடலாம் என்பது திட்டம். குழலை வாங்கியவன் அதோடு துபாய்க்குப் போய்விட்டான். ஜூஸ் மட்டும் எங்கும் போகவில்லை, அலமாரியிலேயே இருந்தது.

எண்ணூறு பெசோவுக்கு அச்சு அசலாக ஒரு டூப்ளிகேட் கிடைத்தது. கியாப்போ சந்தையில் மோதிரத்துக்குப் பேர் வெட்டுகிறவனிடம் கொடுத்து நாற்பத்தொன்று வெட்டினான். புதுப் பளபளப்பு காட்டிக்கொடுக்குமே என்று, அவித்த முட்டையை நசுக்கி ஒரு டப்பாவில் போட்டு, குழலையும் அதற்குள் வைத்து மூடினான். இரண்டு நாளில், வருடக்கணக்காகக் கை பட்ட மாதிரி பழுப்பேறிவிட்டது. வேலை நேர்த்தியைப் பார்த்து அவனே கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டான். அதற்கப்புறம் ஐந்து மாதமாக, முட்டை உரிக்கிற வாடை வந்தால் சாப்பாட்டை விட்டு எழுந்துவிடுகிறான்.

மார்ச்சில் சீசர் இறங்கி, சாவி, பத்திரம், குழல் மூன்றையும் எல்மரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டான். வந்த நான்காம் நாள், ஒரு சனிக்கிழமை மத்தியானம், கடைக்குள் நுழைந்து ஒரு பை சாக்லேட்டும் ஞானமகளுக்கு ஒரு பொம்மையும் மேஜையில் வைத்தான். பக்கத்தில் குழலை வைத்தான்.

"பாரே, இதுக்கு என்னமோ ஆயிருச்சு. ஒரு இழுப்பு கும்முனு வருது. அடுத்தது தூங்குறவன் மூச்சு மாதிரி வருது."

பெஞ்சில் இரண்டு ஜீப்னி வண்டி ஓட்டுநர்கள் புகைவிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் பெரிய தொப்பை வைத்திருந்த போயெட் சொன்னான்: "ஒம்போது மாசம் சும்மா கெடந்தா எல்லாருக்கும் அப்படித்தாம்ப்பா வரும்."

சீசரே முதலில் சிரித்தான். எல்மரும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

பிறகு குழலைக் கழற்றிப் பார்க்க உட்கார்ந்தான். தானே விஷம் வைத்த நோயாளிக்கு நாடி பார்க்கிற வைத்தியன் எவ்வளவு அக்கறையாகப் பார்ப்பானோ, அவ்வளவு அக்கறையாகப் பார்த்தான். பாட்டரியை மீட்டரில் வைத்தான், நிறைந்திருந்தது. சிங்கப்பூரில் வாங்கிய நல்ல பாட்டரி. சுருளின் கால்களைப் பிடிக்கிற திருகு ஒன்று லேசாகத் தளர்ந்திருந்ததை முறுக்கினான். சுருளின் மின்தடையை அளந்தான்; புள்ளி இரண்டு ஐந்து, முள் அசையவில்லை. பஞ்சை மாற்றினான். பாட்டரியைத் தொடுகிற முனைகளை வினிகரும் உப்பும் தொட்டுத் தேய்த்தான். மரைகளில் காது குடையும் பஞ்சை விட்டுச் சுற்றினான். கறுப்புக் கறுப்பாக அழுக்கு வந்தது. மரையில் அழுக்கு இருந்தால் வலு வழியிலேயே சிந்திப்போகும், கப்பலில் குழாய் ஒழுகுவது மாதிரிதான் என்று விளக்கமும் சொன்னான். சொன்னது ஒவ்வொன்றும் நிஜம். அதுதான் அவனுக்கே பொறுக்கவில்லை.

கோளாறு எங்கே என்று குழலைத் தொடாமலே அவனுக்குத் தெரியும். அது செம்பே இல்லை. மட்டமான கலவையின் மேல் செம்பு முலாம். பட்டனைத் திருப்பித் தள்ளுவது பீங்கான் துண்டு மாதிரி வலுவில்லாத ஒரு காந்தம். முலாம் தேய்ந்த இடத்தில் தொட்டால் மூச்சு, தேயாத இடத்தில் தொட்டால் கும்மென்று. எத்தனை தேய்த்தாலும் அடியில் இருப்பது இன்னும் தெளிவாகத் தெரியுமே தவிர வேறு ஒன்றும் ஆகாது.

சீசர் இழுத்துப் பார்த்தான். முதல் இரண்டும் பிரமாதம் என்றான். எல்மர் மேஜை மூலையில் இருந்த குழந்தை யேசுவைப் பார்த்து மனசுக்குள் ஒரு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டான். மூன்றாவது இழுப்பு தூங்குகிறவன் மூச்சாக வந்தது.

"சரி, விடு. சுருளத்தான் மாத்தணும்," என்றான் சீசர். நாளைக்கு இமுஸில், கூடைப்பந்து மைதானத்தில், யார் பெரிய புகை விடுவது என்று புகைப்போட்டி. கப்பல் சகாக்கள் மூன்று பேர் அவன்மேல் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். குழல் சோம்பினால் சுருளை உசுப்பிவிட வேண்டியதுதான், தடையைப் புள்ளி பூஜ்யம் எட்டுக்கு இறக்கப்போகிறேன் என்று கம்பியை எடுத்துத் துரப்பண ஊசியில் சுற்ற ஆரம்பித்தான்.

எல்மரின் கை நின்றுவிட்டது. அவ்வளவு இறக்கினால் பாட்டரி கொதிக்கும். அது பாட்டரியின் தாங்குசக்திக்கு மேலே போகிற விஷயம், துணிந்தவர்கள் போட்டியில் செய்வதுதான். கொதித்தால் வாயு கக்கும். கக்குகிற வாயு வெளியே போக, லேத்காரர் அடியில் மூன்று ஓட்டை போட்டிருந்தார். டூப்ளிகேட் செய்தவனும் மூன்று ஓட்டை போட்டிருந்தான், பார்வைக்கு. ஒரு அரிசி ஆழம்கூட இல்லை. வாயுவுக்குப் போக்கிடம் இல்லாவிட்டால் அந்தக் குழல் வேப் இல்லை, சீசரின் வாயில் வைத்த வெடி.

பாட்டரி தாங்காது பாரே என்றான். சிங்கப்பூர் பாட்டரி தாங்கும் என்றான் சீசர். நாளைக்கு என் குழலை எடுத்துக்கொண்டு போ என்றான் எல்மர். என் நாற்பத்தொன்று இருக்கும்போது உன் குழல் எதற்கு என்றான் சீசர், சுற்றிக்கொண்டே.

"பாட்டரி பொங்குனா?"

"அதுக்குத்தான் அடியில ஓட்டை இருக்கே. நீதானடா எனக்குக் காட்டிக் குடுத்த."

போயெட் பின்னாலிருந்து, கடைக்காரனுக்கு ஏன் வேர்க்கிறது, மின்விசிறியைத் திருப்பி வை என்றான்.

இன்னும் ஒரு பொய் எல்மரிடம் தயாராக இருந்தது. காந்தம் செத்துவிட்டது, இரண்டு நாள் விட்டுவிட்டுப் போ. ஆனால் இரண்டு நாளைக்கு அப்புறம்? அடுத்த போட்டி, அதற்கடுத்த சுருள், ஏதோ ஒரு துறைமுகத்தில் எல்மர் பக்கத்தில் இல்லாத ஒரு இழுப்பு. பொம்மை மேஜையில் மல்லாந்து படுத்துக் கண்ணைத் திறந்துகொண்டிருந்தது. அவன் டப்பாவிலிருந்து ஒரு பல்குச்சியை எடுத்து சீசரிடம் நீட்டினான்.

"அந்த ஓட்டையில விட்டுப் பாரு."

சீசர் விட்டான். முனை உடைந்தது. இரண்டாவதில் விட்டான், மூன்றாவதில் விட்டான். பிறகு குச்சியைக் கீழே வைத்துவிட்டு, குழலைத் திருப்பி, எல்மர் தேய்த்துத் தேய்த்து முலாம் போன மரையை வெளிச்சத்தில் பார்த்தான். அங்கே மஞ்சளாகத் தெரிந்தது. இயந்திர அறைக்காரனுக்கு உலோகம் தெரியாமல் இருக்குமா.

"என்னோடது எங்க?" என்றான்.

"வித்துட்டேன். துபாய்ல இருக்கு."

பெஞ்சில் புகை நின்றது. சீசர் சத்தம் போடுவான் என்று எல்மர் காத்திருந்தான். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"எவ்வளவுக்கு?"

"ஏழாயிரத்து ஐநூறு."

"கொறச்சுக் குடுத்துட்ட," என்றான் சீசர். "பத்துக்குப் போயிருக்கும்."

பாதி சுற்றிய சுருளை ஊசியிலிருந்து உருவிப் பையில் போட்டுக்கொண்டான். பாட்டரியை எடுத்துக்கொண்டான். சாக்லேட்டும் பொம்மையும் இருந்த இடத்திலேயே இருந்தன. எல்மர் அவற்றைப் பார்க்கிறான் என்று தெரிந்து, வாசலிலிருந்து சொன்னான்: "அது புள்ளைக்கு. அது வேற." போயெட்டும் கூட்டாளியும் எழுந்து போனார்கள், அன்றைக்கு ஜூஸுக்குக் காசு கொடுக்காமலே. எல்மர் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே குழலைக் கடப்பாரையால் நசுக்கிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டான். பாலாடைக்கட்டி ஜூஸைக் கிடைத்த விலைக்குத் தள்ளினான். தன் சொந்தக் குழலையும் விற்றான். ஜூன் முதல் வாரத்தில், சீசர் மறுபடி கப்பல் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்னால், பத்தாயிரத்தை ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனான். பத்துக்குப் போயிருக்கும் என்று சீசர் சொன்னதை அவன் மறக்கவில்லை.

சீசர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். மேஜையில் மோட்டார் சைக்கிள் சாவியும் வீட்டுப் பத்திரமும் இருந்தன. சீசரின் மச்சினன் வாங்கிக்கொண்டு போக வருவானாம். சீசர் உறையைப் பிரித்து, கட்டைவிரலை நனைத்து, நிதானமாக எண்ணினான். இத்தனை வருஷத்தில் எல்மர் கொடுத்த பணத்தை அவன் எண்ணியதே இல்லை. இரண்டாயிரத்து ஐநூறைப் பிரித்துத் திருப்பி நீட்டினான்.

"நீ வித்த வெல போதும்."

எல்மர் வாங்கிக்கொண்டான். சாவியைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தான்.

வாங்கியது ஏழாயிரத்து ஐநூறு, கொடுத்தது ஏழாயிரத்து ஐநூறு. ஒரு சென்டாவோ சில்லறைகூடப் பாக்கி இல்லை.

"கணக்குச் சரியாப் போச்சு, எல்மர்," என்றான் சீசர்.