பூங்குழலி எப்படிப்பட்ட பொண்ணுங்க?

வியட்நாமில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று சொன்னதும் அப்பா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அப்பா பெயர் நஞ்சப்பன். நல்லூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் போட்டு ஓட்டுகிறார்.

"நம்ம ஆர்டரையெல்லாம் அந்த ஊருக்காரன் புடுங்கீட்டுப் போயிட்டிருக்கறான். அவனுக்கு இங்கிலீஷ் ஒண்ணுதான் வராம இருந்துச்சு. அதையும் நீயே போயிச் சொல்லிக்குடுத்துட்டு வந்துரு கண்ணு."

அவர் கவலை அவருக்கு. என் கவலையெல்லாம் வேலை விசா. பட்டம் இருந்தது. ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சிச் சான்றிதழ் இருந்தது. அருள்புரத்தில் எக்ஸ்போர்ட் கம்பெனி ஆட்களுக்கு நான்கு வருடமாக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுத்த அனுபவமும் இருந்தது. ‘கைண்ட்லி டு த நீட்ஃபுல்’ இல்லாமல் மெயில் எழுத ஒரு கூட்டத்தையே பழக்கியவள் நான். சென்னைக்குத் தனியாகப் போய் அந்தப் பள்ளியின் தேர்வை எழுதித் தேறியும்விட்டேன். தனியாகப் போனதற்கு அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. விசாவுக்கான கடிதத்தைக் கொடுக்கும் முன் பள்ளிக்கூடம் அமர்த்திய ஆள் ஒருவர் எங்கள் தெருவுக்கு வருவார். நான் சொன்ன வயது, வேலை எல்லாம் உண்மைதானா என்று அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போவார். சுண்டைக்காய் சமாச்சாரம் என்று நினைத்தேன். எங்கள் தெருவை மறந்துவிட்டேன்.

வந்தவர் பெயர் தரணீதரன். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஃபைல், பவ்யமான பேச்சு. நேராகப் பக்கத்து வீட்டு ரங்காத்தாளிடம் போய், "பூங்குழலின்னு ஒரு பொண்ணைப் பத்தி விசாரிக்கோணுங்க. எப்படிப்பட்ட பொண்ணுங்க?" என்று கேட்டிருக்கிறார். எந்தக் கம்பெனியிலிருந்து வருகிறார் என்பதையும் சொல்லியிருக்கிறார். அது யார் காதில் விழுந்தது? எங்கள் பக்கம் முன்பின் தெரியாத ஒருவர் வந்து கல்யாணமாகாத பெண்ணைப் பற்றி விசாரித்தால், அவர் மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய ஆள். வேறு பேச்சே கிடையாது. அப்படி ஆள் வந்தால் தெரு முழுக்க ஒரே குரலில் பொய் சொல்லும். நாளைக்கு அவர்கள் வீட்டுப் பெண்ணுக்கு நாங்கள் சொல்ல வேண்டும் அல்லவா.

ரங்காத்தாள் சொன்னது இது: வயது இருபத்தாறு. குனிந்த தலை நிமிராத பொண்ணு. வேலையா, பொழுது போகாமல் சும்மா போய் வருகிறாள், நாளைக்கே நின்றுவிடுவாள். தனியாகப் பல்லடம் தாண்டினதில்லை. வெளிநாடா, ஐயோ சாமி, அந்தப் பேச்சே அவளுக்குப் பிடிக்காது. எதிர்வீட்டுக் கோமளாக்காவும் அச்சுப் பிசகாமல் இதையே சொல்லி, கூடவே நான் வைக்கும் ரசத்தையும் புகழ்ந்திருக்கிறாள். நான் ரசம் வைத்ததே இல்லை.

இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போனதால் ரிப்போர்ட் கச்சிதமாக இருந்தது. வயது பொய், அனுபவம் பொய், விண்ணப்பித்தவருக்கு வெளிநாடு போக விருப்பமும் இல்லை. வேலை இல்லை என்று பள்ளியிலிருந்து மெயில் வந்தது. நான் கெஞ்சிக் கூத்தாடி மறுவிசாரணைக்கு ஒப்புக்கொள்ள வைத்தேன். இதிலும் கோட்டைவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

ரங்காத்தாள் வீட்டுக்கு ஓடினேன்.

"இது மாப்பிள்ளை ஊட்டு ஆளு இல்லீங்க பெரீம்மா, வேலைக்கு விசாரிக்கற ஆளு. நெசத்தைச் சொல்லுங்க. இருபத்தொம்பதுன்னு சொல்லுங்க. கிளாஸ் எடுக்கறதச் சொல்லுங்க."

"அதெப்படி கண்ணு. அவிநாசி மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க அடுத்த வாரம் வாராங்க. இருபத்தாறுன்னு சொல்லச் சொன்னதே உங்கம்மாதான். அவ சொல்லாம நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அம்மா சாரதாமணியிடம் போய்க் கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தாள். அந்த அவிநாசி இடத்துக்காக அவள் நாயாய் அலைந்திருந்தாள். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. கோபத்தை மட்டும் காட்டிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை தரணீதரன் மறுபடி வந்தார். தெருவே வாசலில் நின்றது. அவர் ரங்காத்தாளைப் பார்த்தார். ரங்காத்தாள் என் அம்மாவைப் பார்த்தாள். பின்னாலிருந்து மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. போச்சு என்று நினைத்தேன்.

அம்மா கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"எழுதிக்குங்க தம்பி. வயசு இருபத்தொம்பதுங்க. மூணு வருசத்தைக் கொறைச்சுச் சொல்லச் சொன்னது நானுங்க. நாலு வருசமா கிளாஸ் எடுக்கறா. இருட்டுனதுக்கப்புறம் தனியாத்தான் வண்டியோட்டிட்டு வருவா. கேட்டா எதுத்துப் பேசுவா. ரசம் வெக்கத் தெரியாது. வெளிநாடு போகோணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இங்கெல்லாம் இருக்க மாட்டாளுங்க இவ. போயிருவா."

இனி இந்த வட்டாரத்தில் எனக்கு வரன் வராது என்று அம்மாவுக்குத் தெரியும். தெரிந்துதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னாள்.

அம்மா வாயைத் திறந்ததுதான் தாமதம், ரங்காத்தாள் பொரிந்து தள்ளிவிட்டாள். "ஏனுங்க தம்பி, இதையும் சேத்திக்குங்க. போன கோயில் நோம்பிக்கு எங்கூட்டுக்காரரையே, உங்களுக்கு என்ன தெரியும்னு கேட்டுப்போட்டாளுங்க." கோமளாக்கா சும்மா இருப்பாளா? "எங்க மாப்பிள்ளை பேசுன இங்கிலீஷைக் கேட்டுச் சிரிச்சாளுங்க. அவரு அன்னைக்குச் சோறே உங்கலீங்க." இத்தனை வருடம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. கேட்கக் கேட்க எனக்கு ஆனந்தமாக இருந்தது. தரணீதரன் இடம் போதாமல் காகிதத்தைத் திருப்பிப் போட்டு எழுதினார்.

"போதுங்க, போதுங்க. இனிச் சிக்கல் இருக்காதுங்க" என்று சொல்லித்தான் அவரால் தப்பிக்க முடிந்தது.

அவர் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் செய்தி அவிநாசிக்குப் போய்விட்டது. அம்மாவின் போன் அடித்தது.

"ஆமாங்க. நீங்க கேட்டதெல்லாம் நெசந்தானுங்க. நானேதான் சொன்னனுங்க. செரிங்க, வெச்சர்றனுங்க."

போனை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்கண்ணு, நீ தனியா சென்னைக்குப் போயிப் பரிச்சை எழுதுனதச் சொல்லாம உட்டுட்டேன். அந்தத் தம்பிக்குப் போன் பண்ணி அதையும் சொல்லீரட்டா?"

எல்லோரையும் எதிர்த்துப் பேசுகிறவள் என்று அப்போதுதான் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் அவர் நம்பரைப் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன்.