மேற்குச் சுவர்

பூங்காவைத் திறந்து வைத்த நாளில் ஊரே அவளைப் பாராட்டியது. பாராட்டாத ஒரே ஆள் அவளுடைய அண்ணன்தான். அதை அவள் அன்றே கவனித்தாள். கவனித்தும் கவனிக்காதவள் போல இருந்துவிட்டாள்.

அவள் நகராட்சியில் பொறியாளர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய கால்பந்து மைதானம் கிடந்தது. ஒரு காலத்தில் வெளியூர் அணிகள் வந்து ஆடிய இடம். பிறகு புல் வழுக்கை விழுந்து, ஒரு கோல் கம்பம் சாய்ந்து, ஓடுபாதைக் கோடுகள் மழையில் கரைந்து, கார் ஓட்டப் பழகுகிறவர்களும் நாய்களும் மட்டும் வந்துபோகும் பொட்டலாகிவிட்டது. அதை எல்லாருக்குமான விளையாட்டுப் பூங்காவாக மாற்ற வேண்டும் என்று நகராட்சி முடிவெடுத்தபோது, அந்தப் பொறுப்பை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். கூடைப்பந்துத் திடல், ஸ்கேட்டிங் மேடை, நடைபாதை, வெட்டவெளியில் உடற்பயிற்சிக் கருவிகள், குழந்தைகளுக்கு ஊஞ்சல்கள், நடுவில் எந்த ஆட்டமும் ஆடக்கூடிய செயற்கைப் புல்தரை. வரைபடத்தை வீட்டுச் சுவரில் ஒட்டிவைத்து, பல் தேய்க்கும்போதுகூட அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அந்தப் பொட்டலுக்கு நாய்களையும் கார்களையும் தவிர இன்னொரு கூட்டமும் வந்துகொண்டிருந்தது. அண்ணனும் அவனுடைய கிரிக்கெட் அணியும். அண்ணனுக்குப் பள்ளிக்கூட வயதிலேயே பார்வை மங்கத் தொடங்கி, கல்லூரி முடிப்பதற்குள் முழுதாகப் போய்விட்டது. இப்போது ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறான். ஞாயிறு காலைகளில் பார்வையற்றவர்களின் அணிக்குக் கேப்டன். அவர்கள் ஆடும் பந்துக்குள் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள் இருக்கும். தரையில் உருண்டு வரும்போது கலகலவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம்தான் அவர்களுக்குப் பந்து. மட்டையால் அடித்ததும் மைதானத்தில் நிற்பவர்கள் அந்தச் சத்தத்தைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். மேற்குப் பக்கம் உயரமான ஒரு பழைய செங்கல் சுவர் இருந்தது. ஒருவன் கைதட்டினால் அது திருப்பித் தட்டும். எந்த இடத்தில் நிற்கிறோம், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதை அந்த எதிரொலியை வைத்தே அவர்கள் கணித்துக்கொள்வார்கள். கட்டாந்தரையும், சுவரும், சுற்றிலும் யாருமில்லாத அமைதியும் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

இது எதுவும் அவளுக்குத் தெரியாததல்ல. சின்ன வயதில் அவனுக்குப் பந்து பொறுக்கிப் போட்டவள்தான். வேலை தொடங்குவதற்கு முன்பு அண்ணன் ஒருநாள் போனில், "அந்தச் சுவர மட்டும் விட்டுடும்மா. அப்புறம் இந்தத் தரையப் பத்தியும் கொஞ்சம் பேசணும்," என்றான். அவள் அப்போது ஒப்பந்தக்காரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "எல்லாருக்கும் இடம் இருக்குண்ணா. நான் பாத்துக்கறேன்," என்று சொல்லி வைத்துவிட்டாள். உண்மையிலேயே பார்த்துக்கொள்ளத்தான் நினைத்தாள். நடைபாதை முழுக்க, கால் தடவித் தெரிந்துகொள்ளும் மேடுவைத்த ஓடுகளை வரைபடத்தில் சேர்த்தாள். பலகைகளில் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் புள்ளி எழுத்துகளுக்கும் ஏற்பாடு செய்தாள். அண்ணன் கேட்டதற்கும் மேலாகவே செய்துவிட்டதாக நினைத்தாள்.

பிறகு பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் வந்தது. சமுதாயக் கூடத்தில் நாற்காலி போதாமல் ஆட்கள் நின்றார்கள். மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு கேள்விகளுக்குப் பதில் சொன்னது அவள்தான். முன்வரிசையில் அண்ணன் கையைத் தூக்கினான். அவள் பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் மனதில் ஓடியது இதுதான்: இவன் எழுந்து ஏதாவது சொன்னால், சொந்த அண்ணனே எதிர்க்கிறான் என்பார்கள், அவன் சொன்னதைக் கேட்டு மாற்றினால், அண்ணனுக்காக வளைத்துவிட்டாள் என்பார்கள். மேற்குச் சுவர் இருந்த இடத்தில் வாகன நிறுத்தம் என்று ஏற்கனவே கையெழுத்தாகியிருந்தது. அவள் வேறொருவரைக் கூப்பிட்டாள். அண்ணனின் கை கொஞ்ச நேரம் மேலேயே இருந்தது. பிறகு இறங்கியது.

கூட்டம் முடிந்து வீடு திரும்பும்போது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் பின்னால் அதிகம் கூசினாள்.

பூங்கா திறந்த பிறகு அண்ணன் ஞாயிறுகளில் வீட்டிலேயே இருந்தான். "விளையாடப் போகலையா?" என்று கேட்டால், "வயசாகுதில்ல" என்று சிரிப்பான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்கும் குறுகுறுத்தது. ஆனால் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

கழுத்து வலி அவளுக்குப் பழைய துணை. எப்போதும் அண்ணனின் அணியில் கீப்பராக நிற்பவரிடம்தான் போவாள். அவர் பிசியோதெரபி நிலையத்தில் வேலை செய்பவர். அவருக்கும் பார்வை இல்லை. ஸ்டம்புக்குப் பின்னால் நின்றபடி வாய் ஓயாமல் பேசுவதால் அணியில் அவருக்கு ரேடியோ என்று பெயர். கையில் அவ்வளவு பலம். பிடித்து அழுத்தினால் வலி எங்கே ஒளிந்திருந்தாலும் வெளியே வந்துவிடும்.

அன்று அவள் போனபோது ரேடியோ உள்ளே இல்லை. வரவேற்பு மேசையில், போன் முன்னால் உட்கார்ந்திருந்தார். வலது கை கழுத்திலிருந்து தொங்கும் துணியில் கிடந்தது.

"யாரு, கேப்டனோட தங்கச்சியா? செருப்புச் சத்தத்த வச்சே கண்டுபிடிச்சிட்டேன். சண்டைக்குப் போற நடை."

"கைக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. ஒரு கம்பத்தக் கட்டிப் பிடிச்சேன். அதுக்கு என்னப் பிடிக்கல."

"எந்தக் கம்பம்?"

ரேடியோ பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்து அவள் பார்த்ததே இல்லை.

"உங்க அண்ணன் சொல்லலையா?" என்றார் கடைசியில். "அவர் சொல்லலைன்னா நானும் சொல்லல. இருங்க, போன் அடிக்குது."

எந்தப் போனும் அடிக்கவில்லை.

உள்ளே வேறொரு இளம்பெண் அவளைப் படுக்கச் சொன்னாள். முகம் வைப்பதற்கு ஓட்டை வைத்த கட்டில். குப்புறப் படுத்து, தரையைப் பார்த்தபடி, அவள் ரேடியோவின் கையைப் பற்றி மெதுவாகக் கேட்டாள். கேட்பது யாரென்று தெரியாமல் அந்தப் பெண் மளமளவென்று சொல்லிவிட்டாள்.

"புதுசா பார்க் கட்டியிருக்காங்கல்ல மேடம், அங்கதான். ஒரே ஒரு நாள்தான் ஆடப் போனாங்களாம். பக்கத்துல கூடைப்பந்து தொம்தொம்னு அடிக்குது, கம்பத்துக்குக் கம்பம் பாட்டு ஓடுது. அந்தச் செயற்கைப் புல்லுல இவங்க பந்து சத்தமே போடலையாம். இவர் எதையோ பந்துன்னு நினைச்சு ஓடிப்போய் எக்சர்சைஸ் மெஷின் கம்பத்துல மோதிட்டாரு. தோள்பட்டை நொறுங்கிடுச்சு. ஆபரேஷன் பண்ணியும் பழைய பலம் வராதுன்னுட்டாங்க. இனிமே போன் எடுக்கறதுதான் வேலை. அவ்வளவு பெரிய பார்க் கட்டினவங்களுக்கு இவங்க ஞாபகம் வரலையேன்னு எங்களுக்கெல்லாம் வயித்தெரிச்சல்... மேடம், கழுத்த இறுக்காதீங்க. லூசா விடுங்க."

அவளால் விட முடியவில்லை.

அங்கிருந்து நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணிதான் கதவைத் திறந்தாள். முகத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் ஒதுங்கி நின்றாள். கூடத்தில் அண்ணன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். இடது கை முன்னால் போய்ச் சுருக்கத்தைத் தேடும். வலது கை பெட்டியோடு பின்னால் வரும்.

"ரேடியோவப் பாத்தேன்," என்றாள்.

பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "அவன் வாய் சும்மா இருக்காதே."

"அவர் சொல்லல. நீயும் சொல்லல. ஏண்ணா?"

"சொல்லி? கட்டினத இடிக்கப் போறியா?"

அண்ணி குறுக்கே வந்தாள். "நான் அன்னைக்கே சொல்லிடலாம்னுதான் சொன்னேன். இவருதான், தெரிஞ்சா அவ தூங்கமாட்டான்னாரு."

அவள் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே, "கூட்டத்துல நீ கை தூக்கினத நான் பாத்தேன்," என்றாள்.

"தெரியும்."

"உனக்கு எப்படி..."

"மைக்க உள்ளங்கையால பொத்திக்கிட்டு, பக்கத்துல இருந்தவர்கிட்ட 'அவர விடுங்க, பின்னாடி இருக்கவங்களக் கூப்பிடுங்க'ன்ன. நான் முன்னாடிதான உக்காந்திருந்தேன்."

தரை பிளந்து உள்ளே போய்விடமாட்டோமா என்று அவளுக்கு இருந்தது. இத்தனை மாதமும் இவன் அதைத் தெரிந்துகொண்டேதான் அவளோடு சிரித்துப் பேசியிருக்கிறான்.

"என்ன மன்னிச்சிடுண்ணா."

"நான் என்ன ஒழுங்கு? எழுந்து நின்னு கத்தியிருக்கலாம். தங்கச்சி மானம் போயிடுமேன்னு உக்காந்துட்டேன். நீயும் நானும் ஒருத்தர் மானத்த ஒருத்தர் காப்பாத்தினோம். தோள் போனது அவனுக்கு." சட்டையை மடிக்க ஆரம்பித்தான். மடிப்பு கோணலாக வந்தது. பிரித்து மறுபடி மடித்தான். "மன்னிப்பு கேக்கணும்னா அங்க போ."

மறுநாள் அவள் போனாள். ரேடியோ முழுதும் கேட்டார். நகைச்சுவையாக எதுவும் சொல்லவில்லை.

"மன்னிச்சிட்டேன்னு சொன்னா உங்களுக்கு நல்லாருக்கும், தெரியுது," என்றார். "ஆனா இப்ப வாயில வரல மேடம். வந்தா சொல்றேன்."

அவள் தலையசைத்தாள். அது அவருக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்து, "சரிங்க" என்றாள்.

அலுவலகத்தில் தலைமைப் பொறியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த வருடத்தின் சிறந்த பூங்காவுக்கான விருதுப் பரிந்துரையில் இவர்கள் பூங்காவும் இருந்தது. அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"ஊர்ல ஒருத்தரும் வாயத் திறக்கல. நீங்களே போய் ஓட்டைன்னு தண்டோரா போடணுமா?"

"திறக்க வந்தாங்க சார். நான்தான் திறக்க விடல."

"சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கறீங்க."

"இருக்கட்டும் சார்."

அதே சமுதாயக் கூடத்தில் மறுபடி கூட்டம் போட்டாள். முதல் கூட்டத்தில் என்ன செய்தாள் என்பதை மழுப்பாமல் சொன்னாள். பூங்காவில் அண்ணனின் அணிக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்றாள். கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. கூடைப்பந்து ஆடும் ஒரு பெண்ணின் அப்பா எழுந்து, "எங்க பிள்ளைங்களுக்கு இப்பத்தான் ஒரு இடம் கிடைச்சிருக்கு. உங்க குடும்பப் பிரச்சினைக்கு அதையும் பிடுங்கணுமா?" என்று கேட்டார். கைதட்டல்கூட விழுந்தது. அந்தப் பிள்ளைகளையும் அவளுக்குத் தெரியும். சாயங்காலமானால் அத்தனை ஆசையோடு ஓடிவருவார்கள்.

மைக்கை அண்ணனிடம் கொடுத்தாள்.

"பிடுங்க வேணாம்," என்றான் அவன். "உங்க பிள்ளைங்க அங்கேயே ஆடட்டும். எங்களுக்கு ஒரு ஓரம், ஒரு சுவர், கொஞ்சம் அமைதி. அவ்வளவுதான். காருக்குக் குடுத்த இடத்த எங்களுக்குக் குடுங்க. காருக்குக் காது கிடையாது."

சிலர் சிரித்தார்கள். கேள்வி கேட்டவர் சிரிக்கவில்லை, ஆனால் உட்கார்ந்துவிட்டார்.

இழுபறியாகத்தான் முடிந்தது. கம்பங்களில் இருந்த ஒலிபெருக்கிகளை முதலில் கழற்றினார்கள். வாகன நிறுத்தத்தைச் சாலையின் மறுபக்கம் மாற்ற ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. கெட்டியான மண்தரை போட்டு, பூங்காவின் மற்ற பகுதிகளிலிருந்து வரும் சத்தத்தை மறிக்க அடர்த்தியாகச் செடி வைத்து, மேற்கே மறுபடி செங்கல் சுவர் எழுப்பினார்கள். எதிரொலி பழையபடி இல்லை, கொஞ்சம் தட்டையாக வருகிறது என்று அண்ணன் சொன்னான். ஆனாலும் ஆடினார்கள். கீப்பராகப் புதிதாக ஒருவர் வந்தார். நல்ல ஆட்டக்காரர், ஆனால் பேசவே மாட்டார். ரேடியோ சில ஞாயிறுகளில் வந்து ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவார். அவளிடம் நலம் விசாரிப்பார். கழுத்து எப்படி இருக்கிறது என்பார். அவள் காத்திருந்த அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

விருது வேறெங்கோ போனது. அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வும் வரவில்லை. அதெல்லாம் அவளைப் பெரிதாக உறுத்தவில்லை. யாராவது பூங்காவைப் புகழ்ந்தால்தான் உறுத்தியது.

அடுத்த ஆண்டு ஊரின் மறுகோடியில் இன்னொரு பழைய மைதானத்தை அவளிடம் ஒப்படைத்தார்கள். அங்கும் அதே கதை: பாசி பிடித்த பார்வையாளர் படிக்கட்டு, துருப்பிடித்த வேலி, ஆளில்லாத பொட்டல். அவள் அளவு நாடாவை வண்டியிலேயே வைத்துவிட்டு, காலையிலிருந்து அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். வேலிக்கு அப்பால் கடை வைத்திருந்தவர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு, பொறுக்காமல் கேட்டார்.

"யாருக்கும்மா காத்திருக்கீங்க?"

"தெரியலைங்க. யார் வர்றாங்கன்னு பாக்கறேன்."

"இங்க யாரும் வரமாட்டாங்களே."

"அப்படித்தான் சொல்லுவாங்க," என்றாள்.

வெயில் ஏறிய பிறகு வேலியின் கிழிசல் வழியாக இரண்டு பெண்கள் குனிந்து உள்ளே வந்தார்கள். தலையில் ஈரத் துணி மூட்டை. ஒரு கோல் கம்பத்திலிருந்து இன்னொன்றுக்குக் கயிறு கட்டி, வெள்ளைப் படுக்கை விரிப்புகளை ஒவ்வொன்றாக உதறி விரித்தார்கள். எதையோ சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவளைக் கண்டதும் சிரிப்பு நின்றது. ஒருத்தி அவசரமாகக் கயிற்றை அவிழ்க்கப் போனாள்.

"அவுக்காதீங்க, இருங்க," என்று சொல்லிக்கொண்டே அவள் படிக்கட்டிலிருந்து இறங்கி அவர்களை நோக்கி நடந்தாள்.