வாணியின் கைராசி

கிள்ளான் துணிக்கடைத் தெருவில் விஜயதசமி காலையில் வாணி வராமல் ஒரு கம்ப்யூட்டரும் கண் திறக்காது. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்து மூடிய மெஷினை, மறுநாள் முதலில் தட்டுவது அவள் கையாக இருக்கவேண்டும். ஒரு வருஷம் அவள் தட்டிய பிறகு இராஜம்மாவின் சேலைக்கடையில் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து தெருவே அவளைப் பிடித்துக்கொண்டது. சாஃப்ட்வேர் எழுதுகிற பெண் இதையெல்லாம் நம்புவாளா என்று கேட்காதீர்கள். வாடிக்கையாளர் நம்புகிறார், போதாதா?

அவளும் ராதாகிருஷ்ணனும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடையின் மேல்மாடியில் கம்பெனி நடத்தினார்கள். கடைகளுக்குப் பில் போடும் சாஃப்ட்வேர். படிக்கிற காலத்திலிருந்தே கூட்டாளிகள்; ஒரே பொட்டலத்து நாசி லெமாக் சோற்றைப் பங்கு போட்டுத் தின்றவர்கள். பிறகு ஷா ஆலமில் ஒரு பெரிய கம்பெனி முளைத்து, மெஷினையே சும்மா தூக்கிக் கொடுத்தது. ரவாங் ஊர்க் கடைகள் அந்தப் பக்கம் போயின. பிரிக்பீல்ட்ஸிலேயே பாதி கைவிட்டுப் போனது.

போன மாதம் டீக்கடையில் ராதா கேட்டான்: “மனச தேத்தாத வாணி. நாம தாக்குப் பிடிப்போமா மாட்டோமா? உள்ளத சொல்லு.”

உள்ளதைச் சொன்னாள். ஷா ஆலம்காரர்களுடையது வேகமானது, முதலாளி வீட்டிலிருந்தே போனில் கணக்குப் பார்க்கலாம், நம்முடையதில் அது இல்லை. விலையில் மோதினால் மண்ணைக் கவ்வுவோம். ஆனால் கிள்ளான் தெரு நம்மிடம் இருக்கும்வரை சம்பளம் போடலாம், அதற்குள் போன் வசதியை எழுதி முடித்துவிடலாம். கிள்ளானும் போனால் கடையை மூடவேண்டியதுதான். அந்தத் தெரு இராஜம்மா அக்கா போகும் பக்கம் போகும். அக்காவோ விஜயதசமியன்று, என் கை பட்டால்தான் எதையும் மாற்றுவார். அதனால் பயமில்லை என்றாள். ராதா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். டீக்கும் அவனே காசு கொடுத்தான், பாவி.

இன்று இராஜம்மா கடையில் சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. கல்லா மேல் மெஷின் மஞ்சள் துணிக்குள் இருந்தது. டெங்கிலுக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்த ராதா அதன் பக்கத்தில் நின்றான். அவன் கழுத்தில் ஷா ஆலம் கம்பெனியின் அடையாள அட்டை தொங்கியது. வாணி துணியை எடுத்தாள். மெஷினும் அவர்களுடையதுதான்.

இராஜம்மா அவள் தோளைத் தொட்டார்.

“உன் மெஷின் இல்லன்னு தெரியும்மா. அவங்க சும்மா குடுக்கறாங்க, கணக்கும் போன்லயே வருது லா. நீ ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்னு ராதாதான் சொன்னாரு. உன் கை படாம நான் எப்படிம்மா தொறப்பேன்?”

இராஜம்மாவின் இன்னொரு கையில் கற்பூரத் தட்டு எரிந்துகொண்டிருந்தது. வேலைக்காரப் பெண்களெல்லாம் புதுச் சேலையில் காத்திருந்தார்கள். நல்ல நாளில் அந்த மனுஷியின் வாசலில் நின்றுகொண்டு மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. தட்டினாள். திரை சட்டென்று விழித்தது. அவள் எழுதியது இவ்வளவு சீக்கிரம் ஒருநாளும் விழித்ததில்லை. எல்லாரும் கை தட்டினார்கள்.

பக்கத்துக் கடை தம்புசாமி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். தன் கடைக்கும் புது மெஷின் வந்து காத்திருக்கிறது, வாணி அப்படியே வந்து தட்டிவிட்டுப் போகட்டும் என்றார். அவர் பின்னால் இன்னும் இரண்டு கடைக்காரர்கள் நின்றார்கள். டீக்கடையில் அவள் சொன்னது சொன்னபடி நடந்துகொண்டிருந்தது.

வாணி ராதாவைப் பார்த்தாள்.

“நேத்து நம்ம ஆபிஸ் பூஜையில நம்ம மெஷினுக்கு நீதானே பொட்டு வச்ச? கண்ண மூடிக் கும்பிட்டியே. அப்பவே இது முடிவாயிடுச்சா?”

ராதா கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மெதுவாக, ஆனாலும் எல்லாருக்கும் கேட்கும்படி, “ஆமா,” என்றான்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். தம்புசாமியிடம் குரல் உயர்த்தாமல் சொன்னாள்:

“இவரையே கூட்டிட்டுப் போங்க அங்கிள். என்னோடத விட ராசியான கை. நேத்து ஒரு பொட்டு வச்சாரு, இன்னைக்கு ஒரு கம்பெனியே மூடிடுச்சு.”