டிகாக்ஷனில் கழுவிய கல்யாணம்

பங்குனி மாதத்து நான்கு மணி வெயிலில், ஸ்ரீரங்கன் தம் மகளின் கல்யாணத்தைக் குளியலறையில் கழுவிக்கொண்டிருந்தார்.

கையில் வெளிச்சம் புகாத ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் ஒரு கறுப்பு-வெள்ளை ஃபிலிம் சுருள், முப்பத்தாறு படம். மறுநாள் காலை ஒன்பதரைக்கு, கணவனோடு வெளிநாடு போக மகள் நீரஜாவுக்கு விசா நேர்காணல். சான்றிதழ் மட்டும் போதாது, இரண்டு வீட்டாரும் நிற்கிற கல்யாணப் படங்களும் வேண்டும் என்று தூதரகத்திலிருந்து எழுதிக் கேட்டிருந்தார்கள். அந்தப் படங்கள் இந்த டப்பாவைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது.

அதற்குக் காரணம் ஸ்ரீரங்கனின் கொள்கை. போன வருஷம் தி.நகரில் பழைய கேமரா ஒன்று வாங்கினார். கூடவே ஒரு தத்துவமும் இலவசமாக வந்து சேர்ந்தது. "போன்ல எடுக்கறது படமில்லே, பதற்றம்" என்பார். மூன்று வாரத்துக்கு முன், பதிவு அலுவலக வாசலில் மஞ்சப்பையை விரித்துக்கொண்டு நின்று எல்லோருடைய போனையும் வசூலித்துவிட்டார். மாப்பிள்ளை எரிக்கின் அம்மா மர்சலின் டீச்சர், சாந்தோம் பள்ளியில் முப்பது வருஷம் பிள்ளைகளை அடக்கியவர், சிலுவைக்குறி போட்டுவிட்டுத்தான் போனைப் பைக்குள் விட்டார். மறுநாளே வேளாங்கண்ணிக்குப் போன சம்பந்திகள் இன்னும் திரும்பவில்லை. அவர்களை மறுபடி நிற்க வைத்து எடுக்கவும் வழியில்லை.

ஸ்டுடியோவில் கேட்டால், வெளியூருக்கு அனுப்பிக் கழுவிவரப் பத்து நாள் என்றார்கள்.

"வீட்டுலேயே கழுவலாம். காபி, சலவைச் சோடா, விட்டமின் சி. அவ்வளவுதான்" என்று இணையத்திலிருந்து ஒரு தாளை அச்செடுத்து வந்தார். அதில் 'மட்டமான இன்ஸ்டன்ட் காபித்தூள்' என்றிருந்தது. மயிலாப்பூரில் இருபத்தெட்டு வருஷமாக இன்ஸ்டன்ட் நுழையாத வீடு அது. எவனோ காபி தெரியாதவன் எழுதியிருக்கிறான் என்று அந்த வரியை அடித்துவிட்டு, புதிதாக வறுத்து அரைத்த பீபரித் தூளில், சிக்கரி இருபது சதவீதம், கள்ளிச்சொட்டு மாதிரி முதல் டிகாக்ஷன் இறக்கினார்.

"அங்கிள்," என்றான் வாசற்படியில் நின்ற எரிக். "ஃபிலிம் நுனியக் கத்தரிச்சீங்களே, அதப் போட்டு டெஸ்ட் பண்ணீங்களா?"

"எதுக்குடா டெஸ்ட்? இந்த டிகாக்ஷனைப் பெருமாளுக்கே நைவேத்யம் பண்ணலாம்."

"பெருமாள் குடிப்பாரு அங்கிள். ஃபிலிம் குடிக்கணுமே."

மீந்த டிகாக்ஷன் கலவை ஒரு மக்கில் இருந்தது. எரிக் கத்தரித்த நுனியில் பாதியை வெட்டி அதில் போட்டான். வெளிச்சம் பட்ட நுனி; மருந்து சரியாக இருந்தால் இரண்டே நிமிஷத்தில் கன்னங்கரேலென்று ஆகிவிட வேண்டும். இரண்டு நிமிஷம் போயிற்று. ஐந்தும் போயிற்று. நுனி, விடுதிக் காபி மாதிரி வெளிறியே கிடந்தது.

ஸ்ரீரங்கனின் கை டப்பாவை ஆட்டுவதை நிறுத்திவிட்டது.

நீரஜா அந்தத் தாளை எடுத்து உரக்கப் படித்தாள். "'சிக்கரி கூடவே கூடாது.' இதையும் பென்சிலால அடிச்சிருக்கியேப்பா! பக்கத்துல 'அபத்தம்'னு வேற எழுதியிருக்கே."

"அது... ஒரு விமர்சனம்."

"நாளைக்கு அவா கேட்டா விமர்சனத்தைக் காட்டட்டுமா?" தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

எரிக் அவசரமாகச் சொன்னான். "ஹைப்போல, அதான் படத்த அப்பிடியே நிறுத்தி வெக்கிற மருந்துல, போடாத வரைக்கும் உயிர் கீது அங்கிள். இத ஊத்திட்டு, சரியான காபில மறுபடி போட்டா படம் வந்துரும். ஆனா சீக்கிரம். இந்தச் சூட்டுல சோடாவுல ஊறிக்கினே இருந்தா மேல் பூச்சு உரிஞ்சுரும். நான் கடைக்கு ஓடறேன்."

"எங்க ஓடுவே? இன்னிக்கு அறுபத்து மூவர் உற்சவம்!"

ஜன்னலுக்கு வெளியே தெரு முழுக்கத் தலைகள். எள் போட்டால் எண்ணெயாகும் கூட்டம். மோர்ப்பந்தல் வரைக்கும் போகவே அரை மணி ஆகும்.

ஸ்ரீரங்கன் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டார். உள்ளே மகள் கல்யாணம் பாதி வெந்த சாதம் மாதிரிக் கிடந்தது.

அவர் மனைவி சாருலதா, முக்காலியைப் போட்டு ஏறி, பரணில் கொலுப்பெட்டிக்குப் பின்னால் கைவிட்டு ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்தாள். இன்ஸ்டன்ட் காபி. பாதி காலி.

"இது போறுமா பாருங்கோ."

ஸ்ரீரங்கன் குப்பியைப் பார்த்தார். காலியாக இருந்த பாதியை இன்னும் உற்றுப் பார்த்தார். நேற்றுச் சாயங்காலம் 'ஆஹா, என்ன மணம், இதுக்குப் பேர்தான் டிகாக்ஷன்' என்று தாம் சொன்னது ஞாபகம் வந்தது.

"சாரு... எத்தனை வருஷமா?"

"நீரஜா ப்ளஸ் டூ படிச்சதுலேர்ந்து. அதை அப்புறம் விசாரிங்கோ. முதல்ல கரையுங்கோன்னா!"

குப்பியைக் கவிழ்த்துத் தட்டி, சோடாவும் விட்டமின் சியும் சேர்த்துக் கரைத்தார்கள். எரிக் மீதி நுனியைப் போட்டான். எல்லோரும் மக்கைச் சுற்றிக் குனிந்தார்கள். ஒரு நிமிஷம். விளிம்பு கறுத்தது. பிறகு முழுதும் கறுத்தது.

பழையதைக் கொட்டி, புதியதை ஊற்றிப் பன்னிரண்டு நிமிஷம் ஆட்டினார். அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் அவர் வாயிலிருந்து ஒரு தத்துவமும் வரவில்லை. கல்யாணமான நாளாகச் சாருலதா காணாத அதிசயம். தண்ணீர், ஹைப்போ, மறுபடி தண்ணீர். மூடியைத் திறந்து சுருளை உருவினார்.

முதல் படம் காலி. இரண்டாவது காலி. ஏழு, எட்டு, கண்ணாடித்தாள் மாதிரி காலி. நீரஜா சுவரில் சாய்ந்துவிட்டாள்.

பதினொன்றாவதில் ஒரு கை தெரிந்தது. சட்டத்தின் பாதியை அடைத்துக்கொண்டு பெரிய கை. அதற்குப் பின்னால் மாலையோடு இருவர், மர்சலின், சாருலதா.

"எங்கப்பா கை," என்றான் எரிக்.

ஸ்ரீரங்கனுக்கு அப்போதுதான் புரிந்தது. பதிவு அலுவலகத்தில் சம்பந்தி ஆம்ப்ரோஸ், "சார், லென்ஸ் மூடி..." என்று மூன்று தடவை ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவையும் இவர் ஒளியமைப்பு பற்றி விளக்கம் சொல்லி அடக்கினார். அந்தப் பழைய கேமராவில் பார்க்கிற துவாரம் தனி; லென்ஸ் மூடியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கடைசியில் மனிதர் பேசாமல் வந்து, தாமே மூடியைக் கழற்றியிருக்கிறார்.

பன்னிரண்டிலிருந்து எல்லாம் இருந்தன. கையெழுத்து, மாலை, இரண்டு வீட்டாரும்.

ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, போனில் எடுத்து, கறுப்பை வெள்ளையாக மாற்றிவிட்டால் காலையில் அச்சடித்துவிடலாம் என்றான் எரிக். யாருடைய போன் நல்ல போன் என்று பேச்சு வந்தது. ஸ்ரீரங்கன் தம் போனை நீட்டினார்.

ஃபிலிம் கொடியில் துணிக்கிளிப்போடு காய்ந்தது. சாருலதா டபராவில் காபி கொண்டுவந்தாள். அவர் ஒரு வாய் குடித்து, நிறுத்தி, இன்னொரு வாய் குடித்தார்.

"எப்படி இருக்கு?"

"என்னமோ குறையறதே, சாரு."

"குப்பி காலி," என்றாள் அவள். "இது நிஜ டிகாக்ஷன்."