கடைசியாக என்ன சொன்னான்

கோர்ட்டில் அந்தப் பையனைப் பற்றி எல்லாவற்றையும் கேட்டார்கள். குத்து எங்கே விழுந்தது, கத்தி எவ்வளவு நீளம், தெருவிளக்கு எரிந்ததா, யார் முதலில் ஓடியது, ஒன்றையும் விடவில்லை. சாகும்போது அவன் வாயிலிருந்து என்ன வந்தது என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை. பெற்றவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

பெற்றவள் ஒரு பெரிய சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். இருந்தது ஒரே பிள்ளை. பைக் கண்ணாடி உரசியதற்காகத் தெருவில் ஒரு வாய்த்தகராறு, வாய்த்தகராறு கைக்கு வந்து, கை கத்திக்குப் போய், பதினேழு வயசுப் பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரு கண்ணாடிக்கு! குத்தியவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒல்லி என்றுதான் அவனைத் தெருவில் கூப்பிடுவார்கள், ஜெயிலிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

இஸ்திரிக்காரம்மா கடைசியில் வந்து சேர்ந்த இடம் பாதிக்கப்பட்டவர்களுக்கான உதவி மையம். நூலகத்துக்கு மேல்மாடியில் இரண்டு அறை, ஒரு மின்விசிறி, ஆளுக்கொரு பக்கம் ஆடும் நாற்காலிகள். கோர்ட்டுக்குத் துணைக்குப் போவார்கள், உடைத்த கதவை ஆள் வைத்துச் சரி பண்ணித் தருவார்கள், சனிக்கிழமைகளில் வாலிபப் பசங்களைக் கூட்டி உட்காரவைத்து, கத்தியைக் கீழே போடுங்கடா என்று தொண்டை வறளப் பேசுவார்கள். பேசிய வாரமே இன்னொரு குத்து விழும். செவிடன் காதில் ஊதிய சங்குதான், ஆனாலும் ஊதிக்கொண்டே இருந்தார்கள்.

அங்கே இன்னொரு வேலையும் நடந்தது. குற்றம் செய்தவனையும் பாதிக்கப்பட்டவரையும், இருவரும் சம்மதித்தால், ஒரு மேஜைக்கு எதிரெதிரே உட்காரவைப்பது. அதை நடத்தியவர் மேடம். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு ஓய்வுக்குப் பிறகு இங்கே வந்தவர். எதிரில் இருப்பவர் கண் கலங்கினால் மேடத்துக்குத் தாங்காது. அழுகிற வாயில் உடனே ஒரு இனிப்பான வார்த்தையைப் போட்டாக வேண்டும். "இவ கையில போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டைக் குடுத்தாக்கூட வாழ்த்து மடல் மாதிரி வாசிப்பா" என்பார் அவர் கணவர்.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் மேடத்துக்குக் கறாரான ஒரு விதி உண்டு. புதிதாக வரும் தொண்டர்களுக்கெல்லாம் அவரே வாயால் சொல்லிக்கொடுப்பார்: "நாம தபால்காரங்க. கடிதத்தைப் பிரிக்கவும் கூடாது, நம்ம பங்குக்கு ஒரு வரி சேர்க்கவும் கூடாது."

"அவனை நேர்ல பாக்கணும்னு சொல்றீங்களே, கோபம் வராதாம்மா?" என்று மேடம் முதல் நாள் கேட்டார்.

"கோபமெல்லாம் இருந்து என்ன மேடம் ஆகப்போகுது? அதைச் சூடாக்கித் துணியா தேய்க்க முடியும்?" என்றாள் இஸ்திரிக்காரம்மா. "அந்த நேரத்துல என் புள்ள பக்கத்துல இருந்தவன் அவன் ஒருத்தன்தான். கடைசியா என்ன சொன்னான்னு அவனுக்குத்தான் தெரியும். அதை மட்டும் சொல்லச் சொல்லுங்க."

"ஒண்ணுமே சொல்லலைன்னு சொல்லிட்டான்னா?"

"சொல்லலைன்னு சொல்லட்டும். அதையாவது தெரிஞ்சுக்கிறேன்." அவள் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "அன்னிக்குக் காலையில ரெண்டு பேருக்கும் சண்டை மேடம். ஒண்ணுமில்லாத விஷயம். இனிமே உன்கிட்ட பேசவே மாட்டேன்னுட்டுப் போனான். போற புள்ள வாசல்ல நின்னு கூப்பிட்டுச் சொல்லிட்டுப் போவான் எப்பவும். அன்னிக்குக் கூப்பிடல. அப்படியே போயிட்டானா, இல்ல கடைசியிலயாவது என்னை நினைச்சானான்னு தெரியாம எனக்குச் சோறு இறங்கல."

மேடம் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. எப்படியாவது இந்தப் பெண்ணின் வயிற்றில் பால் வார்த்துவிட வேண்டும் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார். அந்த முடிச்சுதான் வினை.

அடுத்து ஜெயில். ஒல்லி இப்போது இளைத்து இன்னும் ஒல்லியாகியிருந்தான். சந்திப்புக்கு முன்னால் பல தடவை மேடம் அவனோடு பேசினார். முதலில் அவன் வாயே திறக்கவில்லை. பிறகு திறந்தான். "கோர்ட்டுல வக்கீல் சொன்னதெல்லாம் சொன்னேன் மேடம். இந்த ஒண்ணையாவது உள்ளது உள்ளபடி சொல்லணும்" என்றான்.

"சொல்லு தம்பி. அவன் ஏதாவது பேசினானா?"

"அவன் விழுந்ததும் மத்தவங்க ஓடிட்டாங்க. எனக்குக் கால் வரல. அப்பதான் கத்துனான். அக்கா, அக்கான்னு. ரெண்டாவது தடவை பாதிதான் வந்துச்சு." அவன் இரண்டு கையாலும் காதைத் தேய்த்துக்கொண்டான். "இன்னும் கேக்குது மேடம்."

மேடம் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரே பிள்ளை. கூடப்பிறந்தவர்கள் கிடையாது. பிறகு எந்த அக்கா? பக்கத்து வீட்டுப் பெண்ணா, அந்த வழியாகப் போன யாரோ ஒருத்தியா? பெற்றவள் இங்கே சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறாள், பிள்ளை உயிர் போகும்போது வேறு யாரையோ கூப்பிட்டிருக்கிறான். இதைக் கொண்டுபோய் அவள் எதிரில் எப்படி வைப்பது?

அட, கேட்டிருக்கலாமே! உங்க பையன் யாரையாவது அக்கான்னு கூப்பிடுவானாம்மா என்று ஒரு போன் போட்டிருந்தால் போதுமே! கேட்கவில்லை. சந்திப்புக்கு முன்னால் கேட்டால் கடிதத்தைப் பிரித்த மாதிரி ஆகிவிடும் என்று அப்போது மட்டும் விதி கச்சிதமாக ஞாபகம் வந்தது. அடுத்து வாயைத் திறந்தபோது அந்த விதி எங்கே போனதோ தெரியவில்லை.

"தம்பி, அம்மான்னு கூப்பிட்டான்னு சொல்லிடு."

ஒல்லி நிமிர்ந்து பார்த்தான். "அக்கான்னுதான் மேடம் சொன்னான்."

"தெரியுது. ஆனா அவங்க காத்துக்கிட்டு இருக்கிறது அந்த ஒரு வார்த்தைக்கு. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணுன்னு சொல்றாங்க, நீ ஒரு பொய் சொல்லி ஒரு உசுரைக் காப்பாத்தக் கூடாதா?"

"பொய் வேணாம்னுதான் மேடம் இதுக்கே ஒத்துக்கிட்டேன்."

"நீ பண்ணினதுக்கு முன்னால இது ஒரு பெரிய பொய்யா?"

ஒல்லி சரி என்று தலையைக் குனிந்துகொண்டான். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று மேடத்துக்கே சுருக்கென்றது. இருந்தாலும் வாபஸ் வாங்கவில்லை. அவன் உண்மையில் சொன்னதை எங்கேயும் எழுதி வைக்கவும் இல்லை, யாரிடமும் மூச்சுவிடவும் இல்லை.

சந்திப்பு ஜெயிலுக்குள்ளேயே, கைதிகள் படிக்கிற வகுப்பறையில் நடந்தது. கரும்பலகையில் யாரோ போட்ட வகுத்தல் கணக்கு அழியாமல் இருந்தது. ஒரு பக்கம் ஒல்லி, எதிர்ப்பக்கம் இஸ்திரிக்காரம்மா, நடுவில் மேடம். ஓரத்தில் ஒரு தொண்டர் பெண்ணும் கதவருகே வார்டரும் இருந்தார்கள். இஸ்திரிக்காரம்மா மடிப்புக் கலையாத புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பிள்ளையைப் பார்க்க வந்தவள் மாதிரி இருந்தது பார்ப்பதற்கு.

ஒல்லி மன்னிப்புக் கேட்டான். அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். அப்புறம் மேஜைமேல் இரண்டு கையையும் வைத்து, முன்னால் சாய்ந்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும்ப்பா. நான் ஒண்ணுதான் கேக்க வந்தேன். என் புள்ள கடைசியா என்ன சொன்னான்?"

ஒல்லி மேடத்தைப் பார்த்தான். மேடம் லேசாகத் தலையாட்டினார்.

"அம்மான்னு கூப்பிட்டான்மா."

தொண்டர் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வார்டர்கூட அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மேடத்துக்கு அப்பாடா என்றிருந்தது, காகிதக் கைக்குட்டையை எடுத்து நீட்டத் தயாராக வைத்துக்கொண்டார். இஸ்திரிக்காரம்மா அழவில்லை.

"அம்மான்னா?"

"ஆமாம்மா. அம்மா, அம்மான்னு. ரெண்டு தடவை."

"உனக்கு நல்லாக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

அவள் மெல்லப் பின்னால் சாய்ந்தாள். "பொய் சொல்ற" என்றாள். சத்தம் போடவில்லை, அசதியாகச் சொன்னாள். "பொறந்ததுலேர்ந்து அவன் என்னை அம்மான்னு ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்ல. எனக்குக் கீழ நாலு தம்பிங்க. நாலும் நாள் பூரா அக்கா அக்கான்னு என் காலைச் சுத்தும். இவனுக்குப் பேச்சு வந்ததும் அதையே பிடிச்சுக்கிட்டான். வளந்தா மாறிடும்னாங்க, மாறல. பள்ளிக்கூடத்துல அக்கா கையெழுத்தெல்லாம் செல்லாது, அம்மாவைக் கூட்டிட்டு வாடான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நானேதான் போய் நின்னேன்." அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்து, வராமலே போய்விட்டது.

மேடம் தயாராக வைத்திருந்த கைக்குட்டையை மேஜைமேல் போட்டுவிட்டார். எந்த வீட்டில் இல்லை இது? அவருடைய கணவரே, பெற்ற தாயைக் கடைசிவரை அண்ணி என்றுதான் கூப்பிட்டார். சித்தப்பாக்கள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம். அண்ணி அண்ணி என்று அவர் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டே அந்த வீட்டில் குடும்பம் நடத்தியவர் மேடம். அவருக்கா தோன்றாமல் போக வேண்டும்!

ஒல்லி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டான். "அக்கான்னுதான்மா சொன்னான்! சத்தியமா அக்கான்னுதான்! இவங்கதான் மாத்திச் சொல்லச் சொன்னாங்க!" வார்டர் வந்து அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

இஸ்திரிக்காரம்மா மேடத்தைத் திரும்பிப் பார்த்தாள். மேடம் எல்லாவற்றையும் சொன்னார். ஜெயிலில் அவன் முதலில் சொன்னது, இரண்டாவது தடவை பாதியில் நின்றது, தான் தப்பாக எடுத்துக்கொண்டது, அவன் மாட்டேன் என்றது, தான் வாயை அடைத்தது. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வார்த்தைகூடச் சர்க்கரை போடாமல் பேசினார்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். முடிந்ததும், "ஓ" என்றாள். "இப்ப நான் சொன்னதும் அம்மா அக்காவா மாறிடுச்சு."

"இல்லம்மா, அவன் அன்னிக்கே சொன்னான். நான்தான்..."

"நான் அத்தைன்னு கூப்பிடுவான்னு சொல்லியிருந்தா அத்தைன்னு சொல்லியிருப்பீங்க."

"அக்கான்னு கத்துனாம்மா" என்று ஒல்லி மேஜையில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். "நம்புங்கம்மா, எனக்கு இன்னும் கேக்குதும்மா."

"அழாத" என்றாள் அவள். "இவங்க மனசு கோணக்கூடாதுன்னு நீயும் சொல்ற, என் மனசு கோணக்கூடாதுன்னு இவங்களும் சொல்றாங்க. எல்லாருக்கும் நல்ல மனசுதான். இதுல எது என் புள்ள சொன்னதுன்னு நான் எப்படிப்பா கண்டுபிடிப்பேன்?"

அவள் எழுந்தாள். புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். "காலையில கூப்பிடாம போனான். அப்படியேதான் போயிட்டான்னு வச்சுக்கிறேன். அது பழகிப்போச்சு" என்று சொல்லிவிட்டுக் கதவை நோக்கி நடந்தாள்.

மேடம் பின்னாலேயே ஓடினார். நடைவழியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். என்ன சொன்னால் நம்புவாள், எதைச் சொன்னால் நம்புவாள் என்று தெரியாமல், "என் ரெண்டு பிள்ளைங்க மேல சத்தியமா..." என்று ஆரம்பித்தார்.

இஸ்திரிக்காரம்மா சட்டென்று மேடத்தின் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள்.

"பிள்ளைங்க மேலல்லாம் சத்தியம் பண்ணாதீங்க மேடம்" என்றாள். "அதுங்களாவது நல்லா இருக்கட்டும்."