அஞ்சுக்கு அஞ்சு

சுங்கைப்பட்டாணியில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் சமூக உளவியல் பேராசிரியர் வேலைக்கு நேர்முகம். ரூபினிக்கு வயது நாற்பத்து மூன்று. ஒன்பது வருடமாக ஒப்பந்த விரிவுரையாளர். அந்த ஒப்பந்தமும் இந்த மாதத்தோடு சரி. இதுவும் கைநழுவினால் பாடம் நடத்துவதை மூட்டை கட்டிவிட்டு வேறு பிழைப்புப் பார்க்க வேண்டியதுதான்.

தேர்வுக் குழுத் தலைவர் குகநாதன் சுற்றி வளைக்கவில்லை. "உங்கட முதல் கட்டுரையை நீங்களே திரும்பப் பெற்றிருக்கிறீங்கள். என்ன நடந்தது?"

அப்போது கூட வேலை செய்த உதவியாளர் தலையில் பழியைப் போட்டுவிடலாம். மறுத்துப் பேச அந்தத் தலை இங்கே இல்லை. ரூபினிக்குக் கொஞ்சம் ஆசையாகக்கூட இருந்தது. ஆனாலும் வாய் உண்மையைத்தான் சொன்னது.

டாக்டர் பட்டத்துக்காக சிடாம் கிரி பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் எண்பத்து நான்கு பெண்களிடம் படிவம் கொடுத்தாள். வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வட்டமிடுங்கள் என்று. முக்கால்வாசிப் பேர் எல்லாக் கேள்விக்கும் ஐந்து. கஷ்டத்திலும் என்ன மனநிறைவு என்று இவள் உருகிக் கட்டுரை எழுத, பெரிய பெரிய படிப்பாளிகள் பாராட்டினார்கள். ஒருவருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

மூன்று வருடம் கழித்து, குருண் ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில் அழகம்மா இவளைப் பிடித்துக்கொண்டாள். படிவம் நிரப்பியவர்களில் ஒருத்தி. இப்போது கையுறை பெக்டரியில் வேலை.

"பாஸாயிட்டியா தங்கச்சி? படிப்புக்குன்னு சொன்னியே, பாவம் வெயில்ல அலையுதேன்னு எங்க லயத்து வீடுகள்ல எல்லாரும் பேசி வச்சு ஒனக்கு அஞ்சுக்கு அஞ்சு போட்டோம்லா!"

ரூபினி பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினாள். அவர்கள் போட்டது தங்கள் வாழ்க்கைக்கான மார்க் இல்லை, இவளுக்கான மார்க். மறுவாரமே கட்டுரையைத் திரும்பப் பெற்றாள்.

"பிறகு?" என்றார் குகநாதன்.

"பேப்பர் பேனா இல்லாம வீடு வீடாப் போய் உட்கார்ந்தேன் சார். ரெண்டு வருஷம். உங்க மேசையில இருக்கிற என் புத்தகம் அவங்க பேசினதுதான்."

பிழை செய்த ஆளையா எடுப்பது என்று குழுவில் ஒருவர் முறுக்கிக்கொண்டாராம். "ஒருத்தரும் கண்டுபிடிக்காத பிழையைத் தானே போய்ச் சொன்ன ஆள் எங்களிட்ட எத்தனை பேர் இருக்கினம்?" என்று கேட்டாராம் குகநாதன். வியாழக்கிழமை அவரே போன் செய்து, வேலை உங்களுக்குத்தான் என்றார்.

ரூபினி முதலில் அழைத்தது அழகம்மாவை. நன்றி சொல்ல ஆரம்பித்தவள் பாதியிலேயே அழுதுவிட்டாள். "எல்லாம் உங்களாலதான்க்கா. அன்னிக்கு நீங்க சொல்லலன்னா இன்னும் பொய்யையே பாடமா நடத்திக்கிட்டு இருப்பேன்."

அழகம்மா பெக்டரி பஸ்ஸில் இருந்தாள். "நம்ம ரூபினி புரொபசர் ஆயிட்டா!" என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி கத்தினாள். அப்புறம் குரல் இறங்கியது.

"அப்ப இனிமே கேள்வி கேக்க வரமாட்டல்ல?"

"ஏன்க்கா அப்படிச் சொல்றீங்க?"

"இல்ல தங்கச்சி, அம்பத்தாறு வயசாச்சு. நீ எப்படி இருக்கன்னு என்னைய உட்கார வச்சுக் கேட்டது நீ ஒருத்திதான்லா."

"ஞாயித்துக்கிழமை வர்றேன்க்கா," என்றாள் ரூபினி.