இரண்டாம் முறை கை தூக்குவது

கல்குவாரித் தொழிலாளர் சங்கத்தின் மண்டல அலுவலகம் மண்ணூர்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு மேல் இருந்தது. கீழே எந்திரம் ஓடினால் மேலே பேசுவது கேட்காது. வாக்கெடுப்பின்போது மட்டும் பட்டறைக்காரர் நிறுத்திக் கொடுப்பார்.

ரேணுகா தன் கிளையின் பிரதிநிதி. பூந்தமல்லிக்கு அப்பால் இருந்த அவர்களுடைய குவாரியில் மேற்குச் சுவர் விரிசல் விட்டிருந்தது. மேலே தொங்கும் பாறையைத் தட்டி இறக்கும்வரை யாரும் பள்ளத்தில் இறங்குவதில்லை என்று கிளை முடிவெடுத்தது. பதிலுக்கு முதலாளிகள் எல்லாக் குவாரிகளையும் மூடிவிட்டார்கள். ரேணுகாவின் கணவன் ஜெயபால் அந்தச் சுவருக்கு நேர் கீழே பாறையில் வெடிக்குத் துளை போடுகிறவன்.

வேலைக்குத் திரும்புவது, பாறையைப் பற்றி அப்புறம் பேசுவது. தலைவர் பார்த்தசாரதி வைத்த தீர்மானம் அது.

"அப்புறம்னா எப்போ தலைவரே? அது உழுந்தப்புறமா?" என்றாள் ரேணுகா.

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

எந்திரம் நின்றது. கைகள் எழுந்தன. எதிர்த்தவை நான்கே கிளைகள்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தோற்றவர்கள் இரண்டாம் முறை, தீர்மானத்துக்கு ஆதரவாகக் கை தூக்க வேண்டும். எந்த முடிவும் ஏகமனதாகத்தான் வெளியே போகும். தூக்காத கிளைக்குச் சங்கத்தில் இடமில்லை.

மற்ற மூன்று கைகளும் எழுந்துவிட்டன.

"தூக்கும்மா," என்றார் பார்த்தசாரதி. "நாம பிரிஞ்சிருக்கோம்னு தெரிஞ்சா ஒவ்வொரு குவாரியா மென்னு துப்பிடுவானுங்க."

பக்கத்தில் இருந்த ஞானகுமாரி வேறொரு கிளையின் பிரதிநிதி. அவள் ரேணுகாவின் பக்கம் திரும்பவில்லை.

"போன மழைல உங்க ஆளுங்கள வேலய வுட்டுத் தூக்குனப்போ ஸ்டிரைக் கேட்டியே. நான் வேணான்னேன். அப்பால நானும் கை தூக்கல? ஸ்டிரைக்கால எங்க ஊட்ல அடுப்பு எரியல."

"அப்போ யார் தலைக்கு மேலயும் பாறை தொங்கலக்கா."

"சரி, தூக்காத. தனியா நின்னுக்கோ. மொதலாளி வேற ஆளுங்கள எறக்குவான். பாறைக்கு யார் தலையா இருந்தா இன்னா."

ரேணுகா கை தூக்கினாள். கீழே எந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

எதிர்த்தவரே கிளைக்குப் போய் முடிவைச் சொல்வதும் வழக்கத்தில் சேர்த்தி. மறுநாள் காலை குவாரி வாசலில் சொன்னாள்.

"வேலைக்குப் போவணும். ஏகமனதா முடிவாச்சு."

"நீயும் தூக்குனியா அண்ணி?" என்றான் அரவிந்தன். ஜெயபாலோடு துளை போடுகிறவன்.

"தூக்குனேன்."

"புருஷன் மேல அவ்ளோ காண்டா?"

ஜெயபாலும் சேர்ந்து சிரித்தான்.

கிளைத் தலைவர் எழில், முடிவை ஏற்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னார். பாதிக்குக் கொஞ்சம் அதிகமான கைகள் எழுந்தன. பிறகு, வழக்கப்படி, மீதியும் எழுந்தன. ஜெயபாலின் கை கடைசி. மனைவியைப் பார்த்தபடி தூக்கினான்.

ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். அவன் டிபன் டப்பாவை அவளிடம் கொடுத்தான்.

"நீயே வெச்சிகினு இரு. மேல ஏறி வந்து துன்றேன்."

எப்போதும் அந்தச் சுவரின் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன்.

டப்பா இன்னும் சூடாக இருந்தது. சற்று நேரத்தில் கீழே துளை போடும் சத்தம் கேட்டது.